துணைப்பாடமாகச் சீனம்: மொழியும் பண்பாடும் பற்றிய ஒரு விமரிசன நோக்கு

1

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்திலே ஒரு பாடத்தைத் ‘துணைப்பாடம்’ என வகுக்கும்போது, அது எதற்குத் துணை என்னும் வினா இயல்பாகவே எழுதல் வேண்டும். ஆயினும் நடைமுறையில் இவ்வினா எழுப்பப்படுவது அரிது. சிறப்புப் பாடத்துக்குரிய நேரம் போக எஞ்சிய நேரத்தை நிரப்புவதற்காகவோ, தொழில் தேடும் வேளையிற் கைகொடுக்கும் என்னும் எதிர்பார்ப்பினாலோ துணைப்பாடங்கள் தெரிவு செய்யப்படுகின்றன. சீன மொழியும் பண்பாடும் இன்று உலகின் பல பல்கலைக்கழகங்களில் இவ்வாறு துணைப்பாடமாக அமைந்துள்ளன. அப்பாடநெறியின் அமைப்பு யாது, அதன் குறை எங்குள்ளது, இலக்கியம் பயிலும் மாணவருக்கு, சிறப்பாகத் தமிழ் இலக்கியம் பயிலும் மாணவருக்கு, அதனால் விளையக்கூடிய பயன் யாது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேனாட்டுப் பல்கலைக்கழகங்களிற் சீனம் புகுந்த வரலாற்றைச் சிறிது நோக்குதல் பயனுடையது. 1814ஆம் ஆண்டு பாரிஸ் நகரிலே சீனமொழிக்கெனப் பேராசிரியர் பதவியொன்று நிறுவப்பட்டது. ஒக்ஸ்போட்டில் 1876இல் முதற் பேராசிரியராக அமர்ந்த ஜேம்ஸ் லெக் சமயப் பணியாளராகச் சீனத்தை அறிந்தவர். கேம்பிறிஜில் 1888இல் அமர்ந்த தோமஸ் வேட் இராசதந்திரியாகச் சீனத்தை அறிந்தவர். ஐக்கிய அமெரிக்காவிலோ வாணிகமே முன்னின்றது. பொஸ்ரன் நகர வணிகர் சிலர், சீனாவுடன் தொழில் நடத்தவிருக்கும் இளைஞருக்கு அந்நாட்டு மொழியைப் பயிற்றவேண்டும் எனப் பணந் திரட்டினர். அதன் பயனாக 1879இல் கோ குன்ஹுவா என்னும் சீனர், நிங்போவிலிருந்து ஹாவாட் பல்கலைக்கழகத்துக்கு மூன்றாண்டு ஒப்பந்தத்தில் அழைக்கப்பட்டார். அவரிடம் கற்க முன்வந்தோர் மிகச் சிலரே. அவர் கவிஞர், தாமே இயற்றிய செய்யுள்களையும் அவற்றின் ஆங்கில ஆக்கத்தையும் சேர்த்துப் பயிற்சி நூலொன்றை ஆக்கினார். 1882இல், ஒப்பந்தம் முடியுமுன்னரே, அந்நகரிற் காலமானார். அவரை அழைத்தோர் வேண்டியது சந்தையில் உதவும் மொழி. அவர் கொணர்ந்ததோ கற்றோர் மொழியும் கவிதையும். சீனம் கற்பித்தலில் இன்றளவும் தீராத முரண்பாடு, அந்த முதல் வகுப்பிலேயே தோன்றிவிட்டது எனலாம்.

1958ஆம் ஆண்டு நிறைவேறிய தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், சீனத்தை அமெரிக்காவின் பாதுகாப்புக்கு இன்றியமையாத மொழிகளுள் ஒன்றாக்கியது. பின்னர் சீனப் பொருளாதாரம் வளர, மாணவர் தொகையும் வளர்ந்தது. அமெரிக்கக் கல்லூரிகளிற் சீனம் கற்றோர் தொகை 2013இல் ஏறத்தாழ 61,000 ஆக உயர்ந்து, 2021இல் ஏறத்தாழ 46,000 ஆகக் குறைந்தது. இரு நாடுகளுக்குமிடையே உறவு சீர்கெட்டமையும், தொழில் வாய்ப்புப் பற்றிய எதிர்பார்ப்புத் தளர்ந்தமையும் இவ்வீழ்ச்சிக்குரிய காரணங்களுள் அடங்கும். பயன் கருதியே ஒரு பாடம் நிறுவப்படுமாயின், அப்பயன் குன்றும்போது பாடமும் குன்றுதல் தவிர்க்க இயலாதது. ஆகவே துணைப்பாடத்தின் தகுதியை அதன் சந்தை மதிப்பைக் கொண்டு அளத்தல் பொருந்தாது. அது சிறப்புப் பாடத்துக்கு எவ்வாறு துணை செய்கிறது என்பதைக் கொண்டே அளத்தல் வேண்டும்.

2

இனித் துணைப்பாடத்தின் அமைப்பை நோக்குவோம். பெரும்பாலும் அது ஐந்து அல்லது ஆறு பாடநெறிகளைக் கொண்டது. அவற்றுள் நான்கு, நான்கு அரையாண்டுகளில் நடைபெறும் மொழி வகுப்புகள். எஞ்சியவை ஆங்கிலத்திலோ வேறு பயிற்று மொழியிலோ நடைபெறும் பண்பாட்டு வகுப்புகள். அரையாண்டுக்கு 15 வாரம், வாரத்துக்கு 5 மணி எனக் கொண்டால், மாணவர் பெறும் மொழிப் பயிற்சி 300 மணி நேரமாகும். அமெரிக்க வெளிநாட்டுச் சேவைப் பயிற்சிக் கழகம், தொழில்முறைத் தேர்ச்சி பெறுவதற்குச் சீனத்துக்கு 2200 வகுப்பு மணி நேரம் வேண்டும் எனக் கணித்துள்ளது. அதாவது துணைப்பாட மாணவர் பெறுவது வேண்டிய அளவில் ஏழிலொரு பங்கே. எச்.எஸ்.கே. எனப்படும் சீனமொழித் தேர்வின் 2010ஆம் ஆண்டுத் திட்டத்தில் நான்காம் படிக்கு 1200 சொற்களும், இறுதியான ஆறாம் படிக்கு 5000 சொற்களும் வகுக்கப்பட்டிருந்தன. 2021இல் வெளியான தரநிர்ணயத்திலோ ஒன்பது படிகளுக்கும் சேர்த்து 3000 எழுத்துக்களும் 11,092 சொற்களும் இடம்பெற்றன. இப்பட்டியலின் மேற்படிகள் 300 மணி நேரத்துக்கு எட்டாதவை என்பது வெளிப்படை.

இவ்வளவு குறுகிய நேரத்தை எவ்வாறு செலவிடுதல் தகும்? பெரும்பாலான பாடத்திட்டங்கள் இதற்குத் தரும் விடை, உரையாடற் பயிற்சி என்பதாகும். விமான நிலையம், உணவகம், அங்காடி, நண்பரின் பிறந்தநாள் ஆகிய சூழல்களில் வழங்கும் வாக்கியங்களை மாணவர் பயில்கின்றனர். மறுபுறம், பண்பாட்டு வகுப்பிலே இலையுதிர்கால நிலவு விழாவும், தேநீர் வழங்கும் முறையும், தூரிகை எழுத்தும், காகிதம் வெட்டி உருச்செய்தலும் அறிமுகம் செய்யப்படுகின்றன. கொன்பூசியசும் தாவோ நெறியும் மொழிபெயர்ப்பில் விளக்கப்படுகின்றன. மொழி வகுப்பிற் பண்பாடு இல்லை. பண்பாட்டு வகுப்பில் மொழி இல்லை. இரண்டும் ஒரே சான்றிதழின் கீழ் அமைந்தும் ஒன்றையொன்று காண்பதில்லை. இதுவே இப்பாடநெறியின் அடிப்படைக் குறை என்பது எமது கருத்து.

2004இல் சியோல் நகரிலே தொடங்கிப் பல நாடுகளிலும் பரவிய கொன்பூசியஸ் கற்கை நிலையங்கள் இப்பிரிவினையை மேலும் வலுப்படுத்தின. அந்நிலையங்கள் மேனாடுகளிற் கண்டனத்துக்கு உள்ளாயின; 2014இல் சிக்காகோப் பல்கலைக்கழகம் தன் தொடர்பை முடித்துக்கொண்டது. பல்கலைக்கழகத்தின் கருத்துச் சுதந்திரம் பற்றி அங்கு எழுந்த வினா முக்கியமானதே. எனினும் ஆதரித்தோரும் எதிர்த்தோரும் பெரிதும் வாதிட்டது யார் கற்பிப்பது, யார் பணம் தருவது என்பன பற்றியே. மாணவர் எதனை வாசிக்கின்றனர் என்னும் வினா அவ்விவாதத்திற் பின்தள்ளப்பட்டது.

3

எழுத்தினைக் கற்பித்தலிலிருந்தே இதனைத் தொடங்கலாம். சீன எழுத்துக்கள் யாவும் ஓவியங்கள் என்னும் எண்ணம் பண்பாட்டு வகுப்புக்கு மிகவும் உவப்பானது. சூரியன், மலை, மரம் ஆகியவற்றைக் குறிக்கும் சில எழுத்துக்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டியதும், அம்மொழியின் இயல்பே விளங்கிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது. இம்மயக்கத்துக்கு இலக்கிய உலகில் வலிமை தந்தவர் எஸ்றா பவுண்ட். ஏணஸ்ற் பெனலோசா விட்டுச்சென்ற குறிப்புகளைக் கொண்டு 1915இல் ‘கதே’ என்னும் கவிதை நூலை வெளியிட்ட பவுண்ட், சீன எழுத்துப் பற்றிப் பெனலோசா எழுதிய கட்டுரையை 1919இல் வெளியிட்டார். சீன எழுத்துக்களிற் பெரும்பாலானவை, பொருளைச் சுட்டும் ஒரு கூறும் ஒலியைச் சுட்டும் ஒரு கூறும் இணைந்தவை என்பது அக்கட்டுரையில் உரிய இடம் பெறவில்லை. ஏறத்தாழ கி.பி. 100ஆம் ஆண்டளவிலே எழுத்துக்களை 540 தலைப்புகளில் வகுத்த சூ ஷென், இவ்வகை எழுத்துக்களைத் தனியினமாகவே விளக்கியிருந்தார்.

பவுண்டின் நூல் ஆங்கிலக் கவிதைக்கு அளித்த புத்துயிர் மறுக்கற்பாலதன்று. ஆயினும் அந்நூலில் லீ பையின் பெயர் யப்பானிய உச்சரிப்பில் ‘றிஹாக்கு’ என வருகிறது. பெனலோசா யப்பானிய ஆசிரியரிடம் கற்றமையே இதற்குக் காரணம். மேலும், ஆற்றைப் பற்றிய ஒரு கவிதையிலே லீ பையின் இருவேறு கவிதைகள் ஒன்றாகவே இணைந்துவிட்டன. இரண்டாவது கவிதையின் தலைப்பும் முதலாவதன் வரிகளுட் கலந்துவிட்டது. சில நூறு எழுத்துக்களை அறிந்து, மூலத்தின் வரியமைப்பை எண்ணிப் பார்க்கக்கூடிய இரண்டாம் ஆண்டு மாணவரும் இத்தகைய தவற்றைக் கண்டுகொள்ளல் கூடும். துணைப்பாடம் தரக்கூடிய வலிமை இதுவே. அது மொழிபெயர்ப்பாளரை ஆக்காது. ஆனால் மொழிபெயர்ப்பைச் சோதித்து வாசிக்க வல்ல வாசகரை ஆக்கும்.

4

தமிழ் ஆய்வுக்கு இது எத்துணை இன்றியமையாதது என்பதை ஓர் உதாரணத்தாற் காட்டலாம். சங்க அகப்பாடல்களையும் சீனத்தின் பழந்தொகை நூலாகிய ‘ஷிஜிங்’கையும் ஒப்பிடும் ஆர்வம் நம்மிடையே உண்டு. இரண்டும் தொகைநூல்கள், இரண்டிலும் காதலும் பிரிவும் இயற்கையும் இடம்பெறுகின்றன, இரண்டும் அவ்வவ் இலக்கிய மரபின் தலைவாயிலில் நிற்கின்றன. ஆதலால் ஒப்பீடு இயல்பானதே. ஆனால் ஒப்பிடப்படும் நூல் எது என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.

ஆங்கில வழியாக ஷிஜிங்கை அறிந்த பலருக்கு அது ஆதர் வேலி 1937இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பேயாகும். அதிலே பாடல்கள் காதல், திருமணம், போர், உழவு முதலான பொருட்பகுப்பின்படி அடுக்கப்பட்டுள்ளன. திணை துறைகளிற் பயின்ற தமிழ் வாசகருக்கு இவ்வடுக்கு மிகவும் பழகியதாகத் தோன்றும். “அவர்களிடமும் திணைப்பாகுபாடு போன்றதொன்று உண்டு” என அவர் முடிவு செய்யவுங்கூடும். ஆனால் இவ்வடுக்கு வேலி செய்துகொண்டது. மூல நூலின் 305 பாடல்களும் ‘ஃபெங்’ எனப்படும் நாட்டுப் பகுதிகளின் பாடல்கள் 160, ‘யா’ எனப்படும் அரசவைப் பாடல்கள் 105, ‘சொங்’ எனப்படும் வழிபாட்டுத் துதிகள் 40 என்ற முறையிலேயே அமைந்துள்ளன. அதன் பகுப்பு இடத்தையும் இசையையும் நிகழ்வையும் தழுவியதேயன்றி உரிப்பொருளைத் தழுவியதன்று. அன்றியும், வேலி 15 பாடல்களை விட்டுவிட்டார். 1996இல் ஜோசப் அலன் பதிப்பித்தபோதே மரபு வரிசை மீட்கப்பட்டு, விடுபட்ட பாடல்களும் சேர்க்கப்பட்டன. ஆகவே வேலியின் பழைய பதிப்பைக் கொண்டு செய்யும் அமைப்பு ஒப்பீடு, சங்கப் புலவரைச் சீனப் புலவரோடன்றி, சங்கத் தொகுப்பாளரை இருபதாம் நூற்றாண்டு ஆங்கில அறிஞர் ஒருவரோடு ஒப்பிடுவதாகவே முடியும்.

இதனினும் ஆழமான செய்தி உரைமரபு பற்றியது. ஷிஜிங்கின் முதற் பாடல், ஆற்றிடைத் திட்டிலே ஒலியெழுப்பும் நீர்ப்பறவைகளைக் கூறித் தொடங்கி, தக்க துணையை நாடும் இளைஞனின் ஏக்கத்தைப் பேசுவது. இன்றைய வாசகருக்கு இது காதற் பாடல். ஆனால் ஹான் காலத்து மாவோ உரைமரபு இதனை அரசியின் நற்குணத்தைப் போற்றும் பாடலாகக் கொண்டது. அம்மரபிலே ஏனைய பல பாடல்களும் இன்ன அரசனை, இன்ன நிகழ்ச்சியைக் குறிப்பன என விளக்கப்பட்டன. பன்னிரண்டாம் நூற்றாண்டிலே ஜூ ஷி, மாவோ முகவுரைகள் பலவற்றை ஏற்க மறுத்து, ஃபெங் பாடல்களுட் பல ஆண் பெண் காதலையே பாடுவன என்றார். எனினும் அவற்றுட் சில ஒழுக்கத்துக்கு மாறானவை எனவும் கருதினார். லெக் 1871இல் வெளியிட்ட மொழிபெயர்ப்பு இவ்வுரைகளுடன் வாதிட்டுச் செல்கிறது. வேலியோ அவற்றைப் பெரிதும் ஒதுக்கிவிட்டுப் பாடலை மட்டும் நம் கையிலே தருகிறார்.

தமிழ் மாணவர் ஆர்வத்துடன் நோக்கவேண்டிய இடம் இதுவே. தொல்காப்பியம் அகத்திணையிலே தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டுதல் கூடாதென விதிக்கிறது. நெடுநல்வாடையிற் பாண்டியரின் அடையாளமாகிய வேம்பு சுட்டப்பட்டமையால் அதனை அகமெனக் கொள்ளாது புறமெனக் கொள்ளுதல் வேண்டும் என நச்சினார்க்கினியர் கருதியமை நாம் அறிந்ததே. தமிழ் மரபு பெயரை விலக்கிற்று. சீன உரைமரபு, பெயரில்லாத பாடலுக்குப் பெயரைத் தேடிக் கொடுத்தது. ஒன்று காதலை யாருக்கும் பொதுவான ஒழுக்கமாக நிறுத்தியது. மற்றொன்று அதனை வரலாற்றிலும் அரசியல் அறத்திலும் நிறுத்தியது. பாடலோடு பாடலை ஒப்பிடும்போது ஒற்றுமையே தென்படுகிறது. உரையோடு உரையை ஒப்பிடும்போதே இரு சமுதாயங்களும் தம் பழம்பாடல்களை எதற்காகப் பேணின என்னும் வேற்றுமை தென்படுகிறது. பின்னையதே ஆராய்ச்சிக்கு உரிய பொருள்.

உள்ளுறை பற்றிய ஒப்பீடும் இவ்வாறே. ஷிஜிங்கின் ‘ஷிங்’ என்னும் உத்தியை நமது உள்ளுறைக்கும் இறைச்சிக்கும் நிகரெனக் கூறுதல் எளிது. ஷிங் என்பது பாடலின் தொடக்கத்தில் ஓர் இயற்கைக் காட்சியை நிறுத்தி, அதன்பின் மனித உணர்வைக் கூறுவது. இரண்டுக்குமுள்ள தொடர்பு பெரும்பாலும் வெளிப்படக் கூறப்படாது. மாவோ உரை நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களில் இவ்வுத்தியைச் சுட்டிக்காட்டுகிறது. ஆனால் உள்ளுறை, தெய்வம் ஒழிந்த கருப்பொருள்களை நிலனாகக் கொண்டு, திணை மரபுக்குட்பட்டு அமைவது. கேட்போர் அம்மரபை அறிந்திருத்தல் அதற்கு அடிப்படை. ஷிங்குக்கு அத்தகைய நிலப்பாகுபாடு இல்லை. அன்றியும், ஷிஜிங்கின் பல பாடல்களில் அக்காட்சி பகுதிதோறும் ஓரிரு சொல் மாறித் திரும்பத் திரும்ப வருகிறது. இசைப்பாடலின் இயல்பு அது. அகப்பாடலோ பெரும்பாலும் ஒருவர் கூற்றாக, மீளாது செல்வது. இவ்வேறுபாட்டை உணர்வதற்கு மூலத்தைச் சரளமாக வாசிக்கும் ஆற்றல் வேண்டியதில்லை. மூலப் பக்கத்திலே எந்த எழுத்துக்கள் திரும்பி வருகின்றன, எது மாறுகிறது எனக் கண்ணாற் கண்டறியும் பயிற்சியே போதுமானது. அப்பயிற்சி 300 மணி நேரத்துக்குள் அடங்குவது.

5

மொழியமைப்பிலிருந்தும் ஓர் உதாரணம் தரலாம். சீன வினைச்சொல் இடம், பால், எண் ஆகியவற்றைக் காட்டுவதில்லை. படர்க்கைப் பெயரும் பேச்சிலே ‘தா’ என ஒன்றே. பெண்பாலுக்கெனத் தனி எழுத்தைப் பயன்படுத்தும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், லியு பன்னொங் முதலியோரின் முயற்சியாற் பரவியது. பழங்கவிதையிலோ எழுவாயே பெரும்பாலும் தோன்றாது. வாங் வெய் இயற்றிய இருபது எழுத்துக் கவிதையொன்று இதற்குத் தக்க சான்று. ஆளரவமற்ற மலையையும் எங்கிருந்தோ வரும் பேச்சொலியையும் மாலை ஒளியையும் கூறும் அக்கவிதையிற் காண்பவர் யார், கேட்பவர் யார் என்பது இல்லை. எலியற் வைன்பேகர் 1987இல் வெளியிட்ட சிறு நூலொன்று இக்கவிதையின் பத்தொன்பது வடிவங்களை ஆராய்கிறது. சில மொழிபெயர்ப்பாளர் அங்கே ‘நான்’ ஒன்றை நுழைத்தமையை அந்நூல் கண்டிக்கிறது.

ஆங்கிலம் எழுவாயை வேண்டி நிற்கும் மொழி. தமிழோ வினைமுற்றிலேயே ஆளைக் காட்டும் மொழியாதலின், வந்தான், வந்தாள், வந்தார் என ஏதேனும் ஒன்றைத் தெரிய நேர்கிறது. மதிப்பும் அதனுடன் தானாகவே வந்து சேர்கிறது. இவ்வகையில் தமிழ் மொழிபெயர்ப்பாளரின் இடர் ஆங்கிலேயரின் இடரினும் பெரிது எனலாம். ஆனால் தமிழிலேயே மாற்றுவழியும் உண்டு. ‘காணவில்லை’, ‘கேட்கிறது’ என்பன காண்பவரையும் கேட்பவரையும் சுட்டாதே முற்றுப்பெறும் வாக்கியங்கள். நம் அன்றாடப் பேச்சிலும் வழங்கும் இவ்வமைப்பு, வாங் வெய்யின் மூலத்துக்கு ஆங்கிலத்தினும் நெருங்கியது. ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழாக்குபவரோ அங்குள்ள ‘நான்’ என்பதை அப்படியே கொணர்ந்துவிடுவார். தம் மொழியில் இயல்பாக உள்ள வாய்ப்பு அவருக்குத் தெரியாமலே போய்விடுகிறது. பிறமொழி கற்றல் தம் மொழியின் ஆற்றலை அறிவதற்குத் துணையாகும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுவதில்லை.

லூ சுன் 1918இல் எழுதிய ‘பைத்தியக்காரனின் நாட்குறிப்பு’ மற்றொரு சான்று. ஈழத்து முற்போக்கு இலக்கிய வட்டாரத்திலும் அறியப்பட்டவர் லூ சுன். இக்கதையின் முன்னுரை பழைய இலக்கிய மொழியிலும், நாட்குறிப்பு அக்காலத்திலே புதிதாகப் போராடி இடம்பெற்றுக்கொண்டிருந்த வழக்கு மொழியிலும் எழுதப்பட்டுள்ளன. நோயுற்றவன் குணமடைந்து, அரச பதவியொன்றை எதிர்நோக்கிச் சென்றுவிட்டான் என்னும் செய்தியை முன்னுரை பழைய மொழியில் அமைதியாகக் கூறுகிறது. அறநூல்களின் அடியிலே மனிதரை மனிதர் உண்ணும் கொடுமையைக் கண்டவனின் அலறலோ புதிய மொழியில் வருகிறது. நலம் பெறுதல் என்பது பழைய மொழிக்குத் திரும்புதலே என்னும் கடுமையான கருத்து, இரு நடைகளின் மோதலிலேயே தங்கியுள்ளது. பெரும்பாலான ஆங்கில மொழிபெயர்ப்புகளில் இரு நடைகளும் ஒன்றாகி இம்மோதல் மங்கிவிடுகிறது. பண்டித நடைக்கும் எளிய உரைநடைக்கும் இடையே நிகழ்ந்த போராட்டத்தை நேரில் அறிந்த தமிழுக்கு இதனைக் காட்டுதல் இயலும். ஆனால் மூலத்தில் இரு மொழிநடைகள் உள்ளன என்பதை அறிந்தாலன்றி அம்முயற்சி தோன்றாது. நவீன மொழியை மட்டும் உரையாடலுக்காகக் கற்பிக்கும் துணைப்பாடம் மாணவரை இவ்விடத்துக்கு அழைத்து வருவதில்லை.

6

இவ்வாதத்துக்கு எதிராக இரு தடைகள் கூறப்படலாம். முதலாவது, அரைகுறை அறிவு அறியாமையினும் தீங்கானது என்பது. இஃது ஓரளவு உண்மையே. பவுண்டின் உதாரணமும் அதனைக் காட்டுகிறது. ஆயினும் தீங்கு விளைவிப்பது குறைந்த அறிவன்று. தன் குறைவை அறியாத அறிவு. முந்நூறு மணி நேரம் எழுத்துக்களோடும் அகராதியோடும் போராடியவர், தாம் எங்கே மொழிபெயர்ப்பாளரை நம்பி நிற்கிறோம் என்பதை நன்கு உணர்வார். ஒரு சொல்லும் கற்காதவரே “சீனக் கவிதையின் ஆன்மா” பற்றித் தயக்கமின்றி எழுதுவார்.

இரண்டாவது, பழைய இலக்கிய மொழியைத் தொடக்க மாணவருக்குக் கற்பித்தல் இயலாது என்பது. பல பாடத்திட்டங்களில் அது நவீன மொழியை இரண்டு மூன்று ஆண்டுகள் கற்றோருக்கே உரியது. ஆனால் நவீன சீனத்தில் முன்னறிவு இல்லாதோரையும் கருத்திற்கொண்டு போல் றௌசர் 2007இல் வெளியிட்டது போன்ற பாடநூல்கள் உள்ளன. சங்கச் செய்யுளை உரையின் துணையுடன் சொல்சொல்லாகப் பிரித்துப் பொருள்கொள்ளப் பழகிய தமிழ் மாணவருக்கு இம்முறை புதியதன்று. சொற்சுருக்கமும் தொகைநிலைகளும் அவருக்குப் பழகியவையே. உரையாடற் பயிற்சியை விட்டுவிடல் வேண்டும் என நாம் கூறவில்லை. ஒலியும் சொல்லொழுங்கும் அதனாலேயே படியும். கடைசி அரையாண்டையேனும் ஒரு சிறு மூலநூற் பகுதிக்கு ஒதுக்குதல் வேண்டும். பண்பாட்டு வகுப்பு அதே பகுதியின் உரை, வரலாறு, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளல் வேண்டும். இறுதித் தேர்வாக, ஒரே கவிதையின் இரண்டு மூன்று மொழிபெயர்ப்புகளை மூலத்தோடு வைத்து ஒப்பாயும் கட்டுரையொன்று அமைதல் வேண்டும் என்பதே எமது முன்மொழிவு.

தமிழிலே நேரடி வழி முற்றாக இல்லையென்று கூறுதற்கில்லை. பயணி சீன மூலத்திலிருந்தே ஷிஜிங் பாடல்கள் சிலவற்றை மொழிபெயர்த்து 2012இல் ‘வாரிச் சூடினும் பார்ப்பவரில்லை’ என்னும் பெயரில் வெளியிட்டார். அத்தகைய நூல்கள் பெருகுதல் வேண்டும். அவை பெருகும்போது அவற்றைத் தகுதியறிந்து மதிப்பிடக்கூடிய விமரிசகரும் வேண்டும். ஒரு மொழிபெயர்ப்பாளரின் உழைப்புக்கு விமரிசனம் செய்யும் மிகப்பெரிய அநீதி, அதனைச் சோதிக்க இயலாமற் புகழ்வதேயாகும்.

இலங்கையைப் பொறுத்தவரை, களனிப் பல்கலைக்கழகத்திற் சீனம் கற்பிக்கப்படுகிறது. கொன்பூசியஸ் நிலையமொன்றும் 2007 முதல் அங்கு தொடர்புற்றுள்ளது. துறைமுகங்களும் பெருந்தெருக்களும் பற்றிய பேச்சிடையே இங்கும் தொழிற்பயனே முன்வைக்கப்படுகிறது. ஆனால் இந்நாட்டிலே தமிழும் சீனமும் சந்தித்த மிகத் தெளிவான இடம் ஒரு கல்லாகும். 1409ஆம் ஆண்டுக்குரியதும், 1911இல் காலி நகரிலே கண்டெடுக்கப்பட்டதும், இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உள்ளதுமான மும்மொழிக் கல்வெட்டு, செங் ஹோவின் கடற்பயணத்தோடு தொடர்புடையது. அதன் தமிழ்ப் பகுதியைப் பரணவிதான ‘எப்பிகிறாபியா செலானிக்கா’ மூன்றாந் தொகுதியில் வெளியிட்டார். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தெனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி இசுலாமியரின் இறைவனுக்கும் காணிக்கை கூறுகின்றன. பொன், வெள்ளி, பட்டு, நறுநெய் எனக் காணிக்கைப் பட்டியல்கள் பெரிதும் ஒத்துள்ளன. சீனத்தை மட்டும் வாசிப்பவர், மிங் பேரரசர் பௌத்தத்தைப் போற்றினார் என்பார். தமிழை மட்டும் வாசிப்பவர், அவர் தேவேந்திரமுனைத் திருமாலைப் போற்றினார் என்பார். அருகருகே வைத்து வாசிப்பவரே, ஒரு பேரரசு இத்தீவின் துறைமுகங்களில் நிலவிய சமயங்களையும் வணிகக் குழுக்களையும் எவ்வாறு கணக்கிட்டு அணுகியது என்பதைக் காண்பார்.

கல்லின் ஒரு பகுதியை நாம் வாசிக்கிறோம். மற்றப் பகுதியை இதுவரை பிறர் வாசித்துச் சொல்லக் கேட்டோம். அவர்கள் சொல்வது சரியா என ஓரளவேனும் சோதித்தறியக்கூடிய சில மாணவரை ஆண்டுதோறும் ஆக்குமாயின், துணைப்பாடம் தன் பெயருக்கு உரியதைச் செய்ததாகும்.